இரண்டு அட்டைகளும் ஆறிலக்க எண்ணும்

அரசாங்கத்தின் உதவி மக்களிடம் வந்து சேரும் வழி காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஒரு காலத்தில் அரிசியும் மாவும் எண்ணெயும் அடங்கிய கூடையாக அது தோட்டத்து மண்டபத்திற்கு வந்தது. பிறகு ரொக்கமாக வந்தது. அதன்பின் வங்கிக் கணக்கில் வரவாக விழுந்தது. இப்பொழுது உணவுப் பொருள்களுக்கான உதவியில் ஒரு பெரும் பகுதி, கையில் காசாகத் தோன்றாமலே, நம் அடையாள அட்டையோடு இணைந்த ஒரு கணக்காக வருகின்றது. அட்டையைக் கடையில் நீட்டினால் அரிசி கிடைக்கின்றது. ஆனால் நீட்டுவது எந்த அட்டை, எந்த அட்டைக்கு இரகசிய எண் வேண்டும், அந்த எண்ணை யார் அமைப்பது என்பனவற்றில் நம் தோட்டப்புறங்களில் பெருங்குழப்பம் நிலவுகின்றது. அக்குழப்பத்தை முதலாக்கிப் பிழைப்பு நடத்துவோரும் தோன்றியுள்ளனர். ஆகவே இவ்விதழில் இதனைப் பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். நம் பையில் இருப்பவை இரண்டு அட்டைகள். ஒன்று மைகார்ட் என்னும் அடையாள அட்டை. மற்றொன்று சம்பளம் விழும் வங்கிக் கணக்கின் அட்டை. சும்பாங்கான் அசாஸ் ரஹ்மா, சுருக்கமாகச் 'சாரா' எனப்படும் உணவுப் பொருள் உதவி மைகார்டின் வழியே வருவது. சும்பாங்கான் துனாய் ரஹ்மா என்னும் ரொக்க உதவியோ வங்கிக் கணக்கில் விழுவது. முன்னதற்கு நாம் செயல்படுத்த வேண்டிய புது அட்டை எதுவும் கிடையாது. பின்னதற்குத்தான் வங்கி அட்டையைச் செயல்படுத்தி, ஆறிலக்க இரகசிய எண்ணை அமைத்துக்கொள்ளும் வேலை உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது எனலாம்.

அடையாள அட்டையும் அரிசியும்

அடையாள அட்டைக்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பு தோட்ட மக்களுக்குப் புதிதன்று. 1948இல் அவசரகாலம் பிரகடனமானபோதுதான் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் புகைப்படத்தோடும் பெருவிரல் ரேகையோடும் பதிந்து அடையாள அட்டை பெற்றனர். காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கு உணவு போய்ச் சேராதபடி தடுக்க வேண்டும் என்பது அக்காலத்து அரசாங்கத்தின் எண்ணமாக இருந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வெட்டுக்காட்டிற்குச் சோறு எடுத்துச் செல்வதும் தடுக்கப்பட்ட வட்டாரங்கள் இருந்தன. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மரம் சீவப் போன பாட்டன் பாட்டியரின் கதையைப் பழைய லயங்களில் வளர்ந்தோர் கேட்டிருப்பர். அன்று உணவைத் தடுக்கப் பிறந்த அட்டை, இன்று உணவு வாங்கப் பயன்படுகின்றது. காலத்தின் மாற்றத்தை இதைவிட வேறெது நன்றாகக் காட்டும்?

அந்தப் பழைய அட்டையின் இடத்தில் 2001 செப்டம்பரில் மைகார்ட் வந்தது. அதன் முகப்பில் பொன்னிறமாக மின்னும் சதுரமே 'சிப்' எனப்படும் சில்லு. அட்டைக்கு உரியவர் யார் என்பதைக் கடையிலுள்ள கருவிக்கு அறிவிப்பது அதுவே. இங்கே பலரும் எண்ணுவதுபோல் உதவிப் பணம் அந்தச் சில்லுக்குள் அடைபட்டிருப்பதில்லை. பணம் வேறிடத்தில், அடையாள அட்டை எண்ணின் பெயரில் ஒரு கணினிக் கணக்கில் இருக்கின்றது. அட்டை அதற்குச் சாவி போன்றது. எனவே அட்டை தொலைந்தால் உதவித் தொகையும் தொலைந்து போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார வேண்டியதில்லை. புது அட்டை எடுத்தால் கணக்கு அப்படியே இருக்கும். ஆனால் தொலைந்த அட்டை வேறொருவர் கையில் கிடைத்தால் சாவி அவர் கையில் கிடைத்ததாக ஆகும். ஆதலால் அதனை உடனே தெரிவிப்பது அவசியம்.

சாரா உதவி தொடக்கத்தில் 'இ-காசிஹ்' பட்டியலில் பதிவான வறிய குடும்பங்களுக்கே வழங்கப்பட்டது. 2024இல் சுமார் 7 லட்சம் பேர் அதனைப் பெற்றனர். 2025 ஏப்ரல் முதல் அது சுமார் 54 லட்சம் பேருக்கு விரிவடைந்தது. அதற்கும் மேலாக, 2025 ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை செலவிடத் தக்கதாக, 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும், ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, தலைக்கு 100 வெள்ளி அவரவர் மைகார்டின் பெயரில் வழங்கப்பட்டது. 2025 அக்டோபரில் தாக்கலான 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் அதுபோன்ற 100 வெள்ளி அறிவிக்கப்பட்டது. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், அந்த 100 வெள்ளிக்கு எவரும் மனுச் செய்யவில்லை, எவரும் பதிந்துகொள்ளவில்லை, எவரும் ஒரு காசும் கட்டணம் செலுத்தவில்லை. பெயர் தானாகவே சேர்ந்தது. பணமும் தானாகவே விழுந்தது.

இப்படியிருக்க, "உங்கள் மைகார்டைச் செயல்படுத்தித் தருகிறோம், 10 வெள்ளி கொடுங்கள்" என்று லயத்து வாசலுக்கு ஒருவர் வந்தால், அவர் யாராக இருந்தாலும் அது பொய். "சாரா பணம் விழுந்துள்ளது, இந்தச் சுட்டியைத் தட்டி அட்டை எண்ணையும் இரகசிய எண்ணையும் எழுதுங்கள்" என்று கைப்பேசியில் செய்தி வந்தால் அதுவும் பொய். இருப்பு எவ்வளவு என்று அறிய விரும்புவோர் அரசாங்கத்தின் சாரா இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். மைகாசிஹ் செயலியிலும் பார்க்கலாம். அங்கெல்லாம் வங்கி அட்டையின் இரகசிய எண்ணுக்கு வேலையே இல்லை. சோற்றுக்கு உப்புக் கேட்பவன் பெட்டிச் சாவியைக் கேட்டால் சந்தேகப்பட மாட்டோமா?

கடையில்

சாரா உதவியை எல்லாக் கடைகளிலும் செலவிட முடியாது. மைகாசிஹ் முறையில் பதிவான கடைகளில் மட்டுமே முடியும். 2025 ஆகஸ்டு இறுதியில் அவ்வாறான கடைகள் நாடு முழுவதும் 4,100க்கு மேல் இருந்தன. அதன்பின் எண்ணிக்கை பெருகியது. பேரங்காடிகளும் உண்டு, சிறுபட்டணத்து மளிகைக் கடைகளும் உண்டு. வாசலில் அதற்குரிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். தோட்டத்திலிருந்து வாடகை வண்டி எடுத்துப் பட்டணம் போவோர், போகுமுன் கடையின் பெயரை விசாரித்துக்கொள்வது நலம். வண்டிச் சத்தம் 30 வெள்ளி கொடுத்துவிட்டு, பதிவில்லாத கடை முன் நிற்பதில் பயனில்லை. அண்டை அயலார் நால்வர் சேர்ந்து ஒரே வண்டியில் போனால் சத்தமும் பங்காகும்.

வாங்கக்கூடிய பொருள்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. 2025இல் வழங்கப்பட்ட 100 வெள்ளிக்கு 14 வகைகள் குறிக்கப்பட்டன. அரிசி, மாவு, ரொட்டி, முட்டை, சமையல் எண்ணெய், மீ, டின்னில் அடைத்த உணவு, சமையல் மசாலை, பானங்கள், உடற்சுத்தப் பொருள்கள், மருந்து, பள்ளிக்கூடப் பொருள்கள் முதலியன அவற்றில் அடங்கும். சிகரெட்டும் மதுவும் அடங்கா. கட்டணம் செலுத்துமிடத்தில் ஒவ்வொரு பொருளின் கோட்டுக் குறியையும் கருவி படிக்கும். பட்டியலில் இல்லாத பொருளை அது ஏற்காது. அப்பொருளுக்கு மட்டும் கைக்காசு கொடுக்கலாம். அல்லது திருப்பி வைத்துவிடலாம். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. கருவி மறுப்பது பொருளைத்தானே அன்றி நம்மையன்று.

பணம் கழிந்தவுடன் தரப்படும் ரசீதை வாங்காமல் வரக் கூடாது. அதில் செலவழிந்த தொகையும் மீதியும் அச்சாகியிருக்கும். மீதியைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'பாக்கி'. தோட்டத்துக் கடையில் 'பாக்கி' என்றால் நாம் கொடுக்க வேண்டிய கடன். ரசீதில் 'பாக்கி' என்றால் நமக்கு உரிய இருப்பு. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகின்றது. முதியோருக்கு இதனைச் சொல்லிக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை.

மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் தடிக்கும். அப்போது சிலர் மைகார்டையே கடையில் விட்டுவைத்து, "பணம் விழும்போது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிடுகின்றனர். பழைய நாளில் சம்பளத் துண்டை அடகு வைத்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். பல தலைமுறையாகத் தோட்டத்திற்குக் கடன் கொடுத்தவராகவும் இருக்கலாம். ஆயினும் 1990ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிகளின்படி, சட்டப்படியான உரிமையோ தக்க காரணமோ இன்றிப் பிறர் அடையாள அட்டையை வைத்திருப்பது குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அட்டையை விட்டுவைக்கும் நாம் நல்ல கடைக்காரரையும் குற்றவாளியாக்குகின்றோம். அன்றியும் அட்டை இல்லாத நாளில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் நம் பாடு என்ன ஆகும்?

மற்றொரு வழக்கம் இதைவிட மோசமானது. 100 வெள்ளிப் பொருளுக்குப் பதில் 80 வெள்ளி ரொக்கம் தருவதாகச் சில இடங்களில் பேரம் பேசப்படுகின்றது. மாதம் 20 வெள்ளி இழந்தால் 12 மாதத்தில் 240 வெள்ளி இழப்பு. ஒரு சிறு குடும்பத்திற்குப் பல மாத அரிசி அதில் அடங்கும். இந்த இழப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் அட்டைக்கு உரியவர் அல்லர், அடுப்பை மூட்டுபவரே. இதனைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை முழுமையாகாது என்று கருதுகின்றோம்.

உதவி குடிமக்களுக்கு உரியது. ஆகவே செவ்வட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இது கிடைப்பதில்லை. இந்நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி முதுமையடைந்தும் செவ்வட்டையோடு இருப்போர் நம் தோட்டங்களில் இன்றும் உள்ளனர். அவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பே. அவர்களுக்கு உள்ள வழி தேசியப் பதிவு இலாகாவில் குடியுரிமைக்கு மனுச் செய்வதுதான். "நீல அட்டை வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் போவதல்ல.

வங்கி அட்டையைச் செயல்படுத்துதல்

இனி இரண்டாவது அட்டைக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளம் வங்கிக் கணக்கின் வழியே கொடுக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. எனவே பெரும்பாலான தொழிலாளர்க்குக் கணக்கு உண்டு. கணக்கு இல்லாதோரும், முக்கியமாக இல்லத்தரசிகளும், அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றை 20 வெள்ளி முதலீட்டில் தொடங்கலாம். 1974இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்குப் பதிலாகத் தோன்றிய தேசியச் சேமிப்பு வங்கியின் கிளைகள் சிறுபட்டணங்களிலும் இருப்பதால் தோட்டத்தார் பலர் அங்கே போவது வழக்கம். கணவன் பெயரில் ஒன்றும் மனைவி பெயரில் ஒன்றுமாகக் கணக்கு இருப்பது நல்லது என்பது நம் கருத்து.

புது அட்டை கையில் கிடைத்தவுடன் அது உயிரற்ற நெகிழித் துண்டே. அதனைச் செயல்படுத்தும் வேலை வங்கிக்கு வங்கி சிறிது வேறுபடும். சில வங்கிகளில் முகப்பிலேயே ஒரு சிறு எண்பலகையை நம்முன் நகர்த்தி, எண்ணை அழுத்தச் சொல்வார்கள். வேறு சிலவற்றில் ஒரு தற்காலிக எண் நம் கைப்பேசிக்கு வரும், அதனை ஏ.டி.எம். இயந்திரத்தில் அழுத்தி, உடனே நம் சொந்த எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். எவ்வாறாயினும், முதல் முறை அதனை வங்கியின் வேலை நேரத்தில், கிளை வாசலிலுள்ள இயந்திரத்திலேயே செய்வது மேல். தடுமாறினால் உள்ளே போய் அதிகாரியைக் கேட்கலாம். சாலையோரத்து இயந்திரத்தில் தடுமாறினால் உதவிக்கு வருபவர் யாரோ, அறியோம்.

இயந்திரத்தின் திரையில் தமிழை எதிர்பார்த்துப் போக வேண்டாம். சில மலாய்ச் சொற்களை அறிந்துகொண்டால் போதும். 'மாசுக்கான் காட்' என்றால் அட்டையை நுழை. 'துக்கார் பின்' என்றால் இரகசிய எண்ணை மாற்று. 'பின் பஹாரு' என்றால் புதிய எண். புதிய எண்ணை இரண்டு முறை கேட்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 'பாடாம்' என்ற பொத்தான் தவறாக அழுத்தியதை அழிக்கும். 'பாத்தால்' என்பது முழு வேலையையும் கைவிட்டு அட்டையை வெளியே தரும். 'பெங்லுவாரான் துனாய்' பணம் எடுத்தல். 'பின்டாஹான்' என்பது நம் கணக்கிலிருந்து வேறொருவர் கணக்கிற்குப் பணம் மாற்றுதல். தொலைபேசியில் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே நம்மை இயந்திரத்தின் முன் நிறுத்தி இச்சொல்லை அழுத்தச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். நமக்குத் தெரியாத கைப்பேசி எண்ணை நம் கணக்கில் பதியச் சொன்னாலும் அவ்வாறே. அந்த எண்ணைப் பதிந்தால், பிறகு வங்கி நமக்கு அனுப்பும் அறிவிப்புகள் அவனுக்கே போகும்.

எழுத்தறியாத முதியோர்க்கும் எண்பலகை கடினமானதன்று. தொலைபேசியில் உள்ளதுபோல் மேல் வரிசையில் 1, 2, 3, நடுவில் 4, 5, 6, அடுத்து 7, 8, 9, அடியில் 0. 5 என்னும் பொத்தானின் மேல் சிறு புள்ளி ஒன்று தடித்திருக்கும். விரல் அதனைத் தொட்டால் நடுவில் இருக்கின்றோம் என்று அறியலாம். உளி பிடித்த கைக்கு மரத்தின் பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது கண்ணால் அன்றி விரலாலேயே தெரியும். எண்ணும் அப்படித்தான். பத்து நாள் பழைய கைப்பேசி ஒன்றில் அழுத்திப் பழகினால் விரலே அதனை நினைவில் வைத்துக்கொள்ளும். பழகி முடிந்தபின் கைப்பேசியில் பதிந்த எண்ணை அழித்துவிட வேண்டும்.

எந்த எண்?

மலேசியாவில் வங்கி அட்டைகளின் இரகசிய எண் ஆறிலக்கம் கொண்டது. 2017இல் கையெழுத்துக்குப் பதிலாக இம்முறை கட்டாயமாயிற்று. ஆறிலக்கத்தில் 000000 முதல் 999999 வரை 10 லட்சம் எண்கள் அமையும். தவறான எண்ணை மூன்று முறை அழுத்தினால் அட்டை முடங்கும் என்பது பொதுவான முறை. 10 லட்சத்தில் மூன்றே வாய்ப்பு என்றால் திருடனுக்கு நம்பிக்கை ஏது?

ஆனால் அந்த நம்பிக்கையை நாமே அவனுக்குக் கொடுத்துவிடுகின்றோம். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறிலக்கம் என்னவென்று பாருங்கள்: பிறந்த ஆண்டு, மாதம், நாள். வங்கி கேட்பதும் ஆறிலக்கம். நினைவில் நிற்கும் என்று பலர் அதையே இரகசிய எண்ணாக வைத்துக்கொள்கின்றனர். மைகார்டையும் வங்கி அட்டையையும் ஒரே பணப்பையில் வைக்கின்றனர். பை தொலைந்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே தொலைகின்றன. திருடனுக்கு மூன்று வாய்ப்புக்கூட வேண்டாம், ஒன்றே போதும். பிறந்த நாள், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் ஆகியவற்றிலிருந்து இரகசிய எண்ணை எடுக்கக் கூடாது என்று பல வங்கிகளின் நிபந்தனைகளிலும் எழுதப்பட்டுள்ளது. 123456, 111111 போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பின் எதனை வைப்பது? பிறர் அறியாததும் தாம் மறவாததுமாகிய இரண்டு மூன்று சிற்றெண்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. சிறுவயதில் குடியிருந்த லயத்து வீட்டின் எண், முதன்முதலில் கிடைத்த வெட்டின் எண், அந்த நாளில் தாயார் பெற்ற தினக்கூலியின் காசு என்று ஒவ்வொருவருக்கும் ஏதேனும் இருக்கும். அவற்றைத் தலைகீழாக மாற்றிக் கோத்தால் இன்னும் நன்று. எவற்றைக் கோத்தோம் என்பதைப் பேரனிடம்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அந்த எண்ணை வங்கி அதிகாரியும் அறியார். அறிய அவருக்கு வழியும் இல்லை. வங்கியின் கணினி எண்ணை மறைத்தே கையாளுகின்றது. மறந்துவிட்டோம் என்று போனால் பழைய எண்ணைச் சொல்ல மாட்டார்கள். புதிதாக அமைத்துக்கொள்ளவே உதவுவார்கள். எனவே "நான் வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், சரிபார்க்க அவரிடம் ஒன்றுமில்லை என்பதே உண்மை.

பத்து அட்டைகள், ஓர் இளைஞன்

நம் தோட்டங்களில் காணும் ஒரு காட்சியை இங்கே குறிப்பிட வேண்டும். சம்பளம் விழும் நாளில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஓர் இளைஞன் பத்து வீட்டு அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டணம் போகின்றான். ஒவ்வோர் அட்டையின் பின்னும் ஒட்டப்பட்ட சிறு தாளில் ஆறிலக்க எண் எழுதியிருக்கும். மாலையில் பணத்தோடு திரும்பி, வீடு வீடாகக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு வெள்ளி வாங்கிக்கொள்கின்றான். ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற கவலையாலும், பேருந்து இல்லாததாலும் மக்கள் இவ்வாறு செய்கின்றனர். அதனைக் குறை கூறுவது எளிது. ஐந்து மைல் செம்மண் சாலையை நடந்து பார்த்தவர் அவ்வளவு எளிதில் கூறமாட்டார். அந்த இளைஞனும் பெரும்பாலும் நேர்மையானவனே.

ஆனால் அவன் வழியில் விழுந்துவிட்டால், அல்லது அவன் பை பறிபோனால், பத்துக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளம் போகும். அப்போது வங்கியிடம் முறையிட்டால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இரகசிய எண்ணைப் பிறருக்குச் சொன்னீர்களா, எழுதி வைத்தீர்களா?" என்பதே. ஆம் என்றால் இழப்பை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய வங்கியின் விதிகளும் அட்டைக்கு உரியவரே எண்ணைக் காக்கக் கடமைப்பட்டவர் என்கின்றன. இளைஞனை ஒழிக்க வேண்டாம். அவன் பணியை மாற்றலாம். அட்டைகளைச் சுமப்பதற்குப் பதில், இரண்டு பேராக ஆட்களைச் சுமந்து செல்லும் வண்டி ஒன்றை ஏற்பாடு செய்யலாம். மாதம் ஒரு முறை சனிக்கிழமையில் அவ்வாறு போக ஏற்பாடு செய்யும்படி தோட்ட நிர்வாகத்தைத் தொழிற்சங்கக் கிளையின் வாயிலாகக் கேட்பதிலும் தவறில்லை.

கடன் கொடுக்கும் ஆலோங்கிடம் அட்டையையும் எண்ணையும் ஈடு வைப்பதோ வேறு வகை. அங்கே சம்பளம் விழுந்த மறு நிமிடமே கணக்கு வழிக்கப்பட்டுவிடும். மேலும் அக்கணக்கை அவன் வேறு பலரை ஏமாற்றிய பணத்தைப் போட்டு எடுக்கவும் பயன்படுத்துவான். போலீஸ் தேடி வரும்போது பெயர் நம்முடையதாகவே இருக்கும். 2024இல் குற்றவியல் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, தம் வங்கிக் கணக்கையோ அட்டையையோ பிறர் கையில் ஒப்படைப்பதே தனிக் குற்றமாக்கப்பட்டது. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்னும் சொல் அங்கே நிற்காது. 200 வெள்ளி வாடகைக்கு அட்டை கேட்டு வருவோருக்கும் இதுவே பொருந்தும்.

தொலைந்தால்

வங்கி அட்டையை 250 வெள்ளி வரையிலான கொள்முதலுக்கு எண் அழுத்தாமலே கருவியின்மேல் காட்டிச் செலுத்தலாம். வசதிதான், ஆனால் தொலைந்த அட்டையை எடுத்தவனுக்கும் அதே வசதி உண்டு. அந்த வசதி வேண்டாதோர் வங்கியில் சொல்லி அதனை நிறுத்திவிடலாம். அல்லது தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை இயந்திரத்தில் பணம் எடுப்பதற்கு மட்டுமே அட்டையைப் பயன்படுத்துவோருக்கு அதனை நிறுத்துவதால் இழப்பு ஏதுமில்லை.

அட்டை தொலைந்ததை அறிந்த அக்கணமே வங்கிக்குத் தொலைபேசியில் கூறி முடக்கச் செய்ய வேண்டும். அந்தத் தொலைபேசி எண் அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கின்றது. அட்டையே தொலைந்தபின் அதனை எங்கே பார்ப்பது? ஆகவே இன்றைக்கே அதனை ஒரு தாளில் எழுதிச் சாமிப் படத்திற்குப் பின்னாலோ அரிசிப் பானை மூடியின் உட்புறத்திலோ ஒட்டி வைக்கலாம். எழுத வேண்டியது வங்கியின் தொலைபேசி எண். இரகசிய எண் அன்று. ஏமாற்றி எவரேனும் பணத்தை எடுத்துவிட்டது தெரிந்தால், வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ தாமதமின்றி அழைக்க வேண்டும். பணம் கைமாறி, மேலும் கைமாறுமுன் தடுத்து நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். போலீஸ் புகாரும் செய்ய வேண்டும்.

மைகார்ட் தொலைந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். முதன்முறை தொலைத்தவருக்கு 100 வெள்ளியும், இரண்டாம் முறைக்கு 300 வெள்ளியும், அதற்கு மேல் 1,000 வெள்ளியும் கட்டணம். வழிப்பறியிலோ கொள்ளையிலோ பறிபோயிருந்தால் போலீஸ் அறிக்கையைக் காட்டிக் கட்டண விலக்குக் கேட்கலாம். தொலையாமல், சில்லு மட்டும் பழுதாகிக் கருவி படிக்க மறுத்தால் 10 வெள்ளியில் புது அட்டை மாற்றிக்கொள்ளலாம். பால் வாளியோடும் வேர்வையோடும் இடுப்பில் செருகிய அட்டைகளின் சில்லு விரைவில் கெடும். அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு மரம் வெட்டப் போக இயலாதவர், அதனைச் சிறு நெகிழி உறையில் இட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். தோட்டம் மாறிக் குடிபோனவர் 30 நாளுக்குள் புது முகவரியை இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும்.